தம் இறக்கும் கைக்கு ஓர் உறை

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் தையல் பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதை காரணமல்ல, நீக்கத் தெரிந்தவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தக் குழுவில் சென்ற மாதம் சுமதி ஒரு செய்தி போட்டிருந்தாள். என் லைனில் தைத்த பெண்.

"அண்ணா, கம்ப்யூட்டர் மெஷின் வந்துடுச்சு. நாலு பேர் தைக்கறத அது ஒண்டியா தைக்குது. நாங்க கொஞ்ச பேர் வெளிய வந்து சின்னதா ஒரு தையல் யூனிட் போடலாம்னு இருக்கோம். நீங்க கிச்சன் ஐட்டம் தைக்கறீங்களே, எப்படி ஆரம்பிச்சீங்க, இன்னா இன்னா பார்க்கணும்னு எழுதி அனுப்புங்க."

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சமையலறைச் சாமான் தைக்கும் தொழிலை நான் ஆரம்பித்தபோது, சமையலறையோடு எனக்கிருந்த உறவு தட்டை நீட்டுவதும் "உப்பு கம்மி" என்பதும்தான். அந்த "உப்பு கம்மி"யைக்கூட கஸ்தூரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். கஸ்தூரி என் மனைவி. இனி இந்தக் கட்டுரையில் எங்கெல்லாம் அறிவோடு ஏதாவது நடக்கிறதோ, அங்கெல்லாம் அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் பசை தடவுகிறவனாகச் சேர்ந்தேன். கையில், காதில், தலைமுடியில் எல்லாம் பசை. பிறகு மெஷின். பிறகு லைன் சூப்பர்வைசர். ஆலங்காயத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பையன் சூப்பர்வைசர் ஆன கதையை விரித்துச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும். அதில் சொல்லத் தகுந்தவர் தரம் பார்க்கும் தாமஸ் சார் ஒருவர்தான்.

ஷூவின் அடிப்பாகத்தை விட்டுவிட்டால் மேலே இருக்கும் தோல் பகுதியை நாங்கள் அப்பர் என்போம். தைத்து முடித்த அப்பரை மற்றவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தாமஸ் சார் பார்க்கவே மாட்டார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, அப்பருக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே விரல்கள் தையல் மேல் மெதுவாக நடக்கும். புதிதாக வந்தவர்கள் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தப்பு அகப்பட்டால் கத்த மாட்டார். தப்பு பெரிதாகப் பெரிதாக அவருடைய மரியாதை கூடிக்கொண்டே போகும். சின்னத் தப்புக்கு "டேய்". கொஞ்சம் பெரிய தப்புக்கு "தம்பி". "ஐயா" என்று கூப்பிட்டுவிட்டால் தைத்த அத்தனையையும் பிரிக்க வேண்டும். ஒரு நாள் என் மெஷின் எதிரே வந்து நின்று, "ஐயா, வணக்கம்" என்றார். பக்கத்து மெஷின்காரி எனக்காக ஜெபமே பண்ணிவிட்டாள்.

"இந்தத் தையலை ஏன் சுண்டு விரல் அழுத்துற இடத்துல கொண்டு வந்தீங்க ஐயா?"

"அங்கதான் சார் நேரா வந்துது."

"ஊசி போன இடமெல்லாம் ஓட்டைங்க ஐயா. நூல் அதை அடைச்சிடுதுன்னு நினைக்காதீங்க. எது அழுந்துதோ, எது நனையுதோ, அங்க தையல் போகக் கூடாது. சுத்திக்கிட்டுப் போங்க."

அன்று பிரித்த பிரிப்பில் விரல் நுனியெல்லாம் கொப்புளம். வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். மீதி எல்லாம் டீ குடிக்கும் நேரம்.

ஓய்வு பெற்றதும் வீட்டில் மேற்பார்வையைத் தொடர்ந்தேன். காய் நறுக்கும் மேடையை இந்தப் பக்கம் திருப்பினால் வேலை சீக்கிரம் நகரும் என்று கஸ்தூரிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டுடலாங்க. நான் நிம்மதியா இருப்பேன்."

தொழில் தொடங்கிய காரணம் இதுதான். சொந்தக் காலில் நிற்கும் ஆர்வம், உழைப்பின் மேல் பற்று என்றெல்லாம் வெளியாட்கள் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் தைத்தது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி. ஒரு சதுரத் துணிதானே என்று நினைத்தேன். கனமான கேன்வாஸ் இரண்டு மடிப்பு, நடுவில் ஷூவுக்கு வைக்கும் பஞ்சு, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல், அதன் மேல் சுத்தியலால் தட்டிச் சமன் செய்தேன். அப்பருக்கு என்னென்ன சீர் உண்டோ அத்தனையும் செய்தாயிற்று. தாமஸ் சார் இருந்திருந்தால் "டேய்" என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார். கஸ்தூரி அதை வைத்துப் பால் பாத்திரத்தைப் பிடித்தாள். துணி மடங்கவில்லை. பாத்திரம் நழுவி, பாதிப் பால் தரைக்குப் போனது.

"இது பிடிதுணியா, கதவா? பிடிக்கவே வர மாட்டேங்குது."

"நல்லா உழைக்கும் கஸ்தூரி."

"அது உழைக்கும். நான் எதுல காபி போடறது?"

அடுத்தது இட்லித் துணி. துணி அகலம் போதாததால் நடுவில் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். அன்று எங்கள் வீட்டு இட்லிகள் எல்லாம் ஆபரேஷன் முடிந்து தையல் போட்டுக்கொண்டு வந்தவை போல இருந்தன. பிறகு சூடான பாத்திரம் பிடிக்கும் கையுறைகள். எதைத் தைத்தாலும் இடது, வலது என்று ஜோடியாகவே என் கை போகும். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு டீச்சரம்மா போன் செய்து, ஒன்றே ஒன்று போதும் என்றார். "ஒத்தைக் காலுக்கு யாரும் ஷூ வாங்க மாட்டாங்களே மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இதன் பிறகுதான் கஸ்தூரி தொழிலைக் கையில் எடுத்தாள். வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில் அலசிக் காயப் போட வேண்டும், பிறகு சுருங்காது. பிடிதுணி பழைய வேட்டி போல வளைய வேண்டும். ஆணியில் மாட்ட ஒரு காது வேண்டும். சாயம் போகிற துணி சோற்றுப் பக்கமே வரக் கூடாது. சுமதி, உனக்கு வேண்டியது இந்த நாலு வரிதான். மேலே படிப்பது உன் இஷ்டம்.

இப்படிப் பிடிதுணியும் ஏப்ரனும் சப்பாத்தி சுற்றி வைக்கும் துணியும் ஓரளவு போய்க்கொண்டிருந்தபோதுதான் பஷீர் மாஸ்டர் வந்தார். ஆம்பூர்ப் பக்கம் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவர். வாசலில் மொபெட்டை நிறுத்தும்போதே குரல் உள்ளே வந்துவிட்டது.

"இன்னா சூப்பர்வைசரே, ஷூவை விட்டுட்டு கரித்துணிக்கு வந்துட்டியாமே?"

"ப்ரமோஷன் பாய்."

சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தவர் வலது கையை நீட்டினார். உள்ளங்கைத் தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று இருந்தது. விரல்கள் ஒரு முட்டையைப் பிடித்திருப்பது போலப் பாதி மடங்கி நின்றன.

பிரியாணியைத் தம் போடும்போது தேக்சா என்ற பெரிய செம்புப் பாத்திரத்தை மூடி, மூடியின் மேல் தணல் கொட்டுவார்கள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. பதம் வந்ததும் தேக்சாவின் விளிம்பை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். பிடிப்பது நனைத்த சாக்கால். சாக்கின் ஈரம் கொஞ்ச நேரம் காப்பாற்றும். பிறகு அந்த ஈரமே ஆவியாகிக் கையை வேகவைக்கும். மாஸ்டருக்கு அப்படித்தான் ஆனது.

"இன்னொரு தபா சுட்டுச்சுன்னா விரல் விரியவே விரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விரல் விரியலன்னா கரண்டி பிடிக்க முடியாது. கரண்டி பிடிக்கலன்னா நான் மாஸ்டர் இல்லப்பா, வெங்காயம் உரிக்கிற ஆளு."

"பசங்கள வெச்சு இறக்கலாமே பாய்?"

"தூக்கும்போது கையில தெரியணும்யா. உள்ள தண்ணி ஆடுதா, வத்திடுச்சா, இன்னும் கொஞ்சம் விடணுமான்னு தூக்குறவன் கைக்குத்தான் தெரியும். வேற எவனாச்சும் தூக்கினா சோறு குழையும், இல்ல அடி பிடிக்கும். பேரு யாருக்குப் போவும்?"

வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் கையுறையையும் போட்டுப் பார்த்தாராம். விளிம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் வழுக்கியதாம். ஆக, சூடு தெரியக் கூடாது. பாத்திரம் தெரிய வேண்டும்.

"மேல்விஷாரத்துல அடுத்த மாசம் ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள நீ கைக்கு ஒரு ஜோடி தெச்சுக் குடுத்தா நானே இறக்குறேன். இல்லன்னா அந்த வேலைய வேற மாஸ்டர் பார்க்கட்டும். அதோட நம்ம கத முடிஞ்சுது."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் அப்போது ஜோக் எதுவும் சொல்லவில்லை. வரவில்லை என்பதே உண்மை.

ஷூ தைக்கும்போது பாதம் போன்ற ஓர் அச்சு இருக்கும். அதன் மேல் வைத்து அளவு பார்ப்போம். இந்தக் கைக்கு அச்சு எங்கே போவது? விரல் விரியாததால் தாளில் வைத்து வரையவும் முடியாது. கஸ்தூரி சப்பாத்தி மாவை ஒரு பெரிய உருண்டையாக உருட்டிக் கொண்டுவந்து, "பாத்திரத்தப் பிடிக்கிற மாதிரி இத்தப் பிடிங்க பாய்" என்றாள். அவர் பிடித்தார். அந்தப் பள்ளத்தைப் பார்த்து, பாதி மூடிய கைக்கே வெட்டினேன். கட்டைவிரலுக்கு ஓர் அறை, மற்ற விரல்களுக்கு எல்லாம் சேர்த்து ஓர் அறை.

முதல் ஜோடி பார்ப்பதற்கு அம்சமாக இருந்தது. வெளியே மிருதுவான தோல், உள்ளே கம்பளித் துணி. கஸ்தூரி தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்தாள்.

"பாய்க்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க போட்டுத் தூக்குங்க."

"எனக்கு வயசாயிடுச்சு கஸ்தூரி."

"அவருக்கு மட்டும் குறையுதா? தூக்குங்க."

தூக்கினேன். கை சுடவில்லை. பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்தபோது ஒரு நாற்றம் வந்தது. கட்டைவிரல் பக்கம் தையல் வாயைத் திறந்தது. அதன் வழியாக என் விரல் வெளியே எட்டிப் பார்த்தது. கல்லை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் குதித்தேன். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக, "இன்னா கஸ்தூரி, அண்ணன் டான்ஸ் கத்துக்கறாரா?" என்று கேட்டார்.

நூல் உருகிவிட்டது. ஷூவுக்கு நாங்கள் போடுவது நைலான் நூல். மழையில் நனைந்தாலும் இற்றுப் போகாது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பயந்தே தைத்தவன் நான். நெருப்புக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஷூ போட்ட காலை யாரும் அடுப்பில் வைப்பதில்லையே.

பருத்தி நூலுக்கு மெழுகு தேய்த்து இரண்டாவது ஜோடி தைத்தேன். தோசைக்கல்லில் தேறிவிட்டது. மாஸ்டருக்குப் போன் செய்யப் போனேன்.

"இருங்க. பாய் தோசையா சுடறாரு? ஆவி வராதா?"

இட்லிப் பானை கொதிக்கும்போது மூடியைத் திறந்து, கையுறையை ஆவியில் காட்டினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் சுருங்கி, ஓரம் சுருண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் போல ஆனது. மிருதுவாக இருக்கட்டும் என்று ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் ஆட்டுத்தோலை எடுத்திருந்தேன். அது வெந்நீர் தாங்காது. இந்த ஊரில் தோல் பதனிடும் தொழிற்சாலை வாசலில் டீ விற்பவருக்கும் தெரிந்த விஷயம்.

தோல் கொதி தாங்குமா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. தோலில் ஒரு துண்டு வெட்டி, தாளின் மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்தத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் எடுத்து, அதே கோட்டின் மேல் திரும்ப வைப்பார்கள். கோட்டோடு ஓரம் பொருந்தினால் தோல் முழுசாகப் பதப்பட்டிருக்கிறது. கோட்டுக்கு உள்ளே சுருங்கினால் திரும்பவும் பதனிடும் பீப்பாயில் போட வேண்டியதுதான்.

வாணியம்பாடித் தொழிற்சாலையில் இருக்கும் என் தோஸ்த் ஒருவரிடம் சொல்லி, குரோம் முறையில் பதப்படுத்திய தோல் துண்டுகளாகக் கொஞ்சம் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் கொதிக்க வைத்தேன். கோட்டோடு பொருந்தியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்காக எடுத்த பாத்திரம் ரசப் பாத்திரம் என்பது பிறகுதான் தெரிந்தது. கஸ்தூரி அதைக் கிடுக்கியால் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்தாள். அதில் இப்போது கற்றாழை வளர்கிறது.

"சோத்துப் பாத்திரத்துல தோல் படறதும் நல்லா இல்ல. மேல ஒரு துணி உறை போடுங்க. கழட்டித் துவைக்கற மாதிரி. நெய்யும் பிசுக்கும் அதோட போயிடும்."

மூன்றாவது ஜோடிக்கு வெளியே கெட்டிப் பருத்தித் துணி, நடுவில் தோல், உள்ளே கம்பளி. தையல் எல்லாவற்றையும் உள்ளங்கையை விட்டுச் சுற்றிக்கொண்டு போய்ப் புறங்கையில் முடித்தேன். உள்ளங்கையில் ஓர் ஊசி ஓட்டைகூட இல்லை. விளிம்பு விழும் இடத்தில் மட்டும் கம்பளியை மெலிதாக்கினேன், பாத்திரம் கையில் தெரிய. முடித்ததும் உள்ளே கையை விட்டு, கண்ணை மூடி, விரலால் தடவிப் பார்த்தேன். கட்டைவிரல் அறையில் ஒரு மடிப்பு இடறியது. எனக்கு நானே "தம்பி" என்று சொல்லிக்கொண்டு பிரித்துத் தைத்தேன்.

மாஸ்டர் வந்து போட்டுப் பார்த்தார். உடனே மொபெட்டில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். கஸ்தூரி வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

"தண்ணி கொதிக்க வெச்சு ஒரு தபா தூக்கிக் காட்டிட்டுப் போங்க பாய்."

"கல்யாணத்துலயே பார்த்துக்கறேன் தங்கச்சி. பேஜார் பண்ணாத."

"கை உங்களுது, தையல் எங்களுது. காட்டிட்டுப் போங்க."

காட்டினார். பெரிய அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் டீச்சரம்மா வாங்காமல் விட்ட பழைய கையுறையோடு நான். இறக்கி வைத்தோம். சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். மண்டபத்தின் பின்னால் வரிசையாக அடுப்புகள். முதல் தேக்சா பதம் வந்துவிட்டது என்று புகையின் வாசனையை வைத்துச் சொன்னார். மூடி மேலிருந்த தணலை வாரித் தள்ளிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். எதிர்ப்பக்கம் அவருடைய ஆள் சலீம். வழக்கம்போல ஈரச் சாக்கு. அவனுக்கும் ஒரு ஜோடி தைக்கட்டுமா என்று முன்பே கேட்டிருந்தேன். "எனக்கெல்லாம் வேணாம், நான் இன்னா மாப்பிள்ளையா?" என்றிருந்தான்.

தூக்கினார்கள். அடுப்புக்கும் இறக்கி வைக்கும் மணலுக்கும் நடுவில் சலீமின் சாக்கு ஒரு பக்கம் உலர்ந்து போயிருக்க வேண்டும்.

"பாய், இருங்க! இருங்க! சுடுது!"

அவன் ஒரு கையை உதறினான். தேக்சா சாய்ந்தது. கல்யாண வீட்டார் ஒருவர் "யா அல்லா" என்றார். விட்டால் கொதிக்கும் சோறு முழுக்க மாஸ்டரின் காலில் கொட்டும். பிடித்தால் பாரம் முழுக்க அந்த வலது கையில். அவர் விடவில்லை. விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். சலீம் இன்னொரு சாக்கை வாங்கிச் சுற்றிக்கொண்டு திரும்பப் பிடிக்கும்வரை நின்றார். நான் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இறக்கி வைத்தார்கள். தேக்சாவைக் கையால் லேசாக ஆட்டிப் பார்த்து, "சரியா இருக்கு, மூடி வைங்கடா" என்றார். பிறகு ஒதுங்கி வந்து, என் முன்னால் நின்று, இடது கையால் வலது கையுறையை மெதுவாக இழுத்தார். அது வரவில்லை. இன்னும் இழுத்தார். சொத்தென்று கழன்றது.

உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இத்தப் பாரு. உள்ள ஒரே வேர்வை. குளத்துல கைய விட்ட மாதிரி இருக்கு. இதுக்கு இன்னா பண்ணப் போற?"

அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய தழும்பு வெளுத்துக் கிடந்தது. விரல்கள் முன்பு போலவே பாதி மடங்கி இருந்தன. சிவப்பு எங்கேயும் இல்லை. வேர்வை மட்டும்தான், சொட்டச் சொட்ட.

"இன்னாய்யா, கேக்கறேன் இல்ல?"

"பவுடர் போட்டுக்குங்க பாய்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அந்தக் கையை என் சட்டையிலேயே முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கரண்டியை எடுக்கப் போனார். கல்யாணத்துக்கென்று கஸ்தூரி தேய்த்துக் கொடுத்த சட்டை.